விவாதம்: ஆரம்பித்த எதையும் முடிக்க முடிவதில்லை. என்னதான் செய்வது?

கேள்வி | 3 மார்ச் 2023

பாதி நாவல் ஒன்று. குறும்படக் கதைகள் மூன்று. குழந்தைகளுக்கான சீட்டு விளையாட்டு ஒன்று (வேண்டியது 52 சீட்டு, வரைந்தது 11). வயது 34. எதை எடுத்தாலும் முதல் மாதம் ஜோராக ஓடுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. இங்கே யாராவது ஒன்றையாவது உருப்படியாக முடித்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். "தினமும் காலை ஒரு மணி நேரம்" அறிவுரை வேண்டாம். அது என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

4 மார்ச் 2023, காலை

நான் ஒன்றே ஒன்றை முடித்திருக்கிறேன். ஆரம்பித்தது 2009, முடிந்தது 2020. என் பேச்சை எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதை இதை வைத்தே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முடித்தது ஒரு தமிழ் எழுத்துரு. அப்பா அருப்புக்கோட்டையில் போர்டு எழுதியவர். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, லாரியின் பின்பக்கம், தேர்தல் வந்தால் சுவர் என்று எல்லாம் எழுதுவார். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, 2006ல் அப்பா பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். ஊரில் அவர் எழுதிய தகர போர்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பதைப் படம் எடுத்து, அவர் கையெழுத்தைக் கணினியில் தட்டச்சு செய்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன்.

தமிழுக்கு 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம், அத்தனையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, க முதல் ன வரை 18, கி கீ வரிசை 36, கு கூ வரிசை 36. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு என்று 4. புள்ளி 1. மொத்தம் 108. பிள்ளையாருக்கு 108 தேங்காய் மாதிரி அம்சமாக அமைந்துவிட்டதே என்று அன்று ரொம்ப சந்தோஷம். மற்றதெல்லாம் இவற்றைச் சேர்த்து வைத்தாலே வந்துவிடும்.

108 எழுத்து. வாரம் இரண்டு வரைந்தால்கூட ஒரு வருடம்தான். பதினொரு வருடம் எப்படி ஆனது என்பதை இரவு எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

4 மார்ச் 2023, இரவு

பதினொரு வருடக் கதை.

முதல் வருடம் "அ" மட்டும் வரைந்தேன். மிகைப்படுத்தவில்லை. நாற்பது "அ" இருக்கும். போட்டோவைக் கணினியில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே ஓரத்தைக் கண்டுபிடித்து வரைந்துவிடும் என்று சொன்னார்கள். வரைந்தது. ஓரத்தைப் பிடித்து வைக்கிற புள்ளிகள் ஒரு "அ"வுக்கு 214. தகரத்தின் துரு, ஆணி, பறவை எச்சம் எல்லாம் சேர்த்து எழுத்தாக்கிக் கொடுத்திருந்தது. கையால் வளைவு போடக் கற்றபோது அதே "அ"வுக்கு 26 புள்ளி போதும் என்று தெரிந்தது. இதைக் கற்கவே எட்டு மாதம்.

இரண்டாம் வருடம் எழுத்தே வரையவில்லை. திட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. தடித்த வடிவம் வேண்டும், மெல்லியது வேண்டும், நிழல் போட்டது தனியாக வேண்டும். தெற்குச் சீமை போர்டு ஓவியர்களைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும். அதை வைத்து ஆவணப்படம். படத்துக்கு ஒரு கண்காட்சி. கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சட்டை, அதன் மார்பில் அப்பா எழுதிய "ழ". சட்டைக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். வரைந்திருந்தது அப்போது ஒன்பது எழுத்து.

கேட்டவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சட்டைக்கு விலை கேட்டு மூன்று கடை ஏறி இறங்குகிறவன் சோம்பேறி இல்லை. நான் வேலை செய்துகொண்டேதான் இருந்தேன். கனவுக்குத் தீனி போடுகிற வேலையை. அது கொழுத்தது, எழுத்து ஒன்பதிலேயே நின்றது.

6 மார்ச் 2023

"உண்மையான ஈடுபாடு இருந்தால் தானே முடியும்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஐயா, ஒன்பது எழுத்தோடு நின்றிருந்த காலத்தில்தான் எனக்கு ஈடுபாடு உச்சத்தில் இருந்தது. பேருந்தில் போகும்போது ஒவ்வொரு போர்டாகப் பார்த்து "இது அப்பா கை, இது அப்பா கை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போயிருக்கிறார்.

ஈடுபாட்டைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் பாதியில் விட்ட போர்டு ஒன்றுகூட ஊரில் கிடையாது. எப்படி என்று யோசித்தால் காரணம் சாதாரணமானது. நாளை காலை ஆறு மணிக்கு ஓமம் வளர்த்துக் கடை திறக்கப் போகிறார்கள். போர்டு மேலே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அவர் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும். தகரத்துக்கு முதல் நாளே பிரைமர் அடித்துக் காயவைத்துவிடுவார். மறுநாள் தரை நிறம். அது காய்ந்ததும் நூலில் சாக்பீஸ் பொடியைத் தடவி, இந்த முனையை நான் பிடிக்க, அந்த முனையை அவர் பிடித்து நடுவில் இழுத்து விடுவார். டப் என்று ஒரு வெள்ளைக் கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்புறம் கடைப் பெயரை வாய்க்குள் முணுமுணுத்து எழுத்தை எண்ணுவார். அவர் கணக்கில் "ர" அரை எழுத்து, "ண" ஒன்றரை, "ணை" இரண்டே கால். கூட்டிப் பார்த்து நடு எழுத்து எது என்று கண்டுபிடித்து, போர்டின் நடுவில் அதற்கு ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் சாக்பீஸில் லேசாகக் கோடு இழுப்பார். பிரஷ்ஷில் பெயிண்ட் எடுத்த பிறகு பேச்சே கிடையாது. நுனியில் துணி சுற்றிய குச்சியை போர்டில் ஊன்றி, அதன் மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார்.

முக்கியமான விஷயம், இடம் போதாமல் போனால் என்ன செய்வார் என்பது. போர்டைப் பெரிதாக்க முடியாது. கடைப் பெயரை மாற்ற முடியாது. "அன் கோ"வைச் சின்னதாக்கி மூலையில் போடுவார். உரிமையாளர் பெயரைக் கீழ் வரிக்குத் தள்ளுவார். நிழலை விட்டுவிடுவார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்கு உடனே தெரியும். எனக்கு அது தெரிய ஒன்பது வருடம் ஆனது.

6 மார்ச் 2023, கொஞ்சம் கழித்து

"அப்பாவிடமே கேட்டு எழுதி வாங்கியிருக்கலாமே" என்று கேட்டவருக்கு: கேட்டேன். ஒரு நாள் உட்கார்ந்து க வரிசை முழுக்க எழுதிக் கொடுத்தார். ங வரிசைக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "எந்தக் கடைக்காரன்டா ஙூன்னு பேரு வைப்பான்?"

ஙகரத்தில் ங, ங் தவிர எல்லாவற்றையும் அன்றே தள்ளுபடி செய்தேன். நான் எடுத்த முதல் உருப்படியான முடிவு அதுதான்.

15 மார்ச் 2023

திருத்தம். 108 கணக்கு தப்பு.

ஒரு நண்பர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார். எண்கள் 0 முதல் 9 வரை எங்கே, காற்புள்ளி எங்கே, கேள்விக்குறி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று. உண்மைதான். எழுத்தெல்லாம் முடித்துவிட்டேன் என்று நினைத்து முதன்முதலாக ஒரு வாக்கியம் தட்டியபோது முற்றுப்புள்ளியும் எண்ணும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து உட்கார்ந்தன. கல்யாண வீட்டில் தெரியாத ஆள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அப்போது இருந்த வேகத்தில் கிரந்தத்தை அடியோடு வெட்டினேன். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ எதுவும் இல்லை. கேட்டால் தமிழ்ப்பற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. எழுத்துருவை முதலில் நான் கொடுத்த நண்பனின் பெயரில் ஸ்ரீயும் உண்டு, ஜவும் உண்டு. தன் பெயரைத் தட்டினான், பாதி எழுத்து அப்பா கையிலும் பாதி எழுத்து கணினிக்காரன் கையிலுமாக வந்தது. "உன் எழுத்துருவில் எனக்கு இடம் இல்லையாடா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அன்று இரவு ஜ வரைய உட்கார்ந்தேன்.

ஸ்ரீ இன்னும் ஒரு படி மேலே. ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டில், அதை இரண்டு விதமாக எழுதலாம். "ஸ"வில் தொடங்கி ஒன்று. 2005ல் 4.1 பதிப்பில் சேர்த்த "ஶ"வில் தொடங்கி இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், உள்ளே வேறு வேறு. நான் ஒன்றுக்கு மட்டும் வழி செய்திருந்தேன். நண்பனின் கைபேசி மற்றதை அனுப்புகிற ஜாதி. இப்படி எல்லாம் வரும் என்று 2009லேயே தெரிந்திருந்தால் நான் ஆரம்பித்தே இருக்க மாட்டேன். தெரியாமல் இருந்ததும் நல்லதுதான்.

16 மார்ச் 2023

நேற்று எழுதியதற்கு "அப்போ வெட்டச் சொல்றீங்களா, வேண்டாங்கிறீங்களா?" என்று ஒருவர். இரண்டும்தான். ஙூவை வெட்டியது சரி, ஜவை வெட்டியது தப்பு. வெட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

2 ஏப்ரல் 2023

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பிறகு திரும்பி வந்துவிடுவேன்.

இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான பழைய புத்தகம் என்றால் தமிழ்தான் முதலில் வரும். 1578ல் கொல்லத்தில் அச்சடித்த தம்பிரான் வணக்கம், மொத்தம் 16 பக்கம். அண்டிறிக்கிப் பாதிரியார் என்று முகப்பில் இருப்பவர் போர்த்துகீசியரான ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். அதில் எனக்குப் பிடித்தது ஒரு பக்கம். முந்தைய வருடம் கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துகளையும், கொல்லத்தில் புதிதாக வார்த்தவற்றையும் அதில் அடுத்தடுத்து மாதிரி காட்டியிருக்கிறார்கள். முதல் முயற்சியை ஒளித்து வைக்கவில்லை. என் நாற்பது "அ"வை நான் யாருக்கும் காட்டவே இல்லை.

இன்னொன்று, அந்தப் புத்தகத்தில் மெய்க்குப் புள்ளியே கிடையாது. முகப்பில் "தமபிரான வணககம" என்றுதான் இருக்கிறது. ஆகா, புள்ளியையே வெட்டி எறிந்து வேலையை முடித்திருக்கிறார்கள் என்று இதை வைத்து ஒரு பெரிய பிரசங்கம் தட்டி வைத்திருந்தேன். பிறகு உறைத்தது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதுவதுதான் அன்றைய வழக்கம். ஓலையில் இருந்தபடி அச்சில் போட்டிருக்கிறார்கள். என் கட்சிக்குச் சாட்சி கிடைத்தது என்று ஓடியது வீண்.

சரி, தரங்கம்பாடி கதையாவது என் பக்கம் நிற்கிறது. அங்கே இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு குழுவுக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். 1713ல் அச்சு வேலை தொடங்கியது. எழுத்து மிகப் பெரிது, காகிதத்தைத் தின்று தீர்த்தது. ஊருக்கு எழுதிப் போட்டுப் புதிய எழுத்துக்குக் காத்திருக்காமல், அங்கேயே சிறியதாக வார்த்துக்கொண்டு மிச்சத்தை அச்சடித்தார்கள். புதிய ஏற்பாடு 1715ல் முடிந்தது. முன்பகுதி பெரிய எழுத்து, பின்பகுதி சின்ன எழுத்து. நானாக இருந்தால் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று முன்பகுதியை மறுபடி அச்சடிக்க உட்கார்ந்திருப்பேன். இன்னும் அடித்துக்கொண்டிருப்பேன்.

20 ஏப்ரல் 2023

மார்ச் 6ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். காலை ஆறு மணி ஓமம்தான் போர்டை முடிக்க வைத்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அதாவது கெடு வைத்தால் போதும் என்று. ஆனால் கெடு நானும் வைத்தேனே? 2011 பொங்கல், 2013 தமிழ்ப் புத்தாண்டு, 2016 அப்பா பிறந்தநாள். மூன்றும் வந்தன, போயின. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எனக்கு மட்டும் முகம் தொங்கியது. நானே வைத்த கெடுவுக்கு நானே வாய்தா கொடுத்துக்கொண்டேன்.

நடந்தது வேறு. 2018 ஆவணியில் தங்கை மகனுக்குக் காது குத்து. "அண்ணே, அப்பா எழுத்துலயே பத்திரிகை அடிச்சுக் கொடு. பதினெட்டு நாள்ல பிரஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். அவளுக்குத் தடித்த வடிவமும் வேண்டாம், ஆவணப்படமும் வேண்டாம். ஒரே ஒரு பத்திரிகை.

பத்திரிகை வாசகத்தை எழுதி வாங்கினேன். ஒரு நோட்டில் அதில் வரும் எழுத்தை மட்டும் எடுத்து எழுதினேன். ஒரே எழுத்து திரும்ப வந்தால் விட்டுவிட்டேன். 71 வந்தது. ஒன்பது வருடத்தில் அதில் 23 ஏற்கெனவே என்னிடம் இருந்தன. மிச்சம் 48. அந்த 48ஐயும் பதினாறு நாளில் முடித்தேன். ராத்திரி பத்துக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குள் மூன்று எழுத்து. சில எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. "ஞா" சாய்ந்து நின்றது, குடித்துவிட்டு வந்தவன் மாதிரி. ஆனால் "ஞாயிற்றுக்கிழமை" இல்லாமல் பத்திரிகை இல்லையே. போனது.

பிரஸ்ஸில் ஒரு கூத்து. அவர்களிடம் இருந்தது பழைய முறைத் தட்டச்சு. ஒருங்குறி எழுத்துருவைப் போட்டதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறியது. "தம்பி, இது எங்க மெசின்ல வராது, வேற நல்ல ஸ்டைல் நாங்களே போடுறோம்" என்றார் அங்கிருந்தவர். அவர் காட்டிய நல்ல ஸ்டைல் எது என்று தென்மாவட்டப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஓடி வந்து, எல்லா எழுத்தையும் வெறும் படமாக, கோரல் டிரா என்கிற வரையும் மென்பொருளில் கர்வ் ஆக்கி எடுத்துப் போய்க் கொடுத்தேன். 400 பத்திரிகை.

அந்த 71தான் பிறகு 2020 வரை வளர்ந்து முழுசானது. அந்த இரண்டு வருடத்தில் பெரிய கதை ஒன்றும் இல்லை. நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது, அடித்துக்கொண்டே வந்தேன்.

21 ஏப்ரல் 2023

எந்த மென்பொருளில் வரைந்தேன் என்று சிலர் கேட்டதால்: ஃபான்ட்ஃபோர்ஜ். இலவசம். அழகாக இருக்காது, அடிக்கடி கோபித்துக்கொண்டு மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் வந்தால்தான் வேலை ஓடும் என்று 2012ல் ஒரு வருடம் வேலையையே நிறுத்தி வைத்தேன். வாங்கவும் இல்லை, வரையவும் இல்லை.

எழுத்துருவின் பெயரை இங்கே போடவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். தனிச்செய்தியில் கேட்டால் அனுப்புகிறேன். திறந்த உரிமம்தான், காசு வேண்டாம்.

11 ஜூன் 2023

பழைய "லை" சேர்க்கலாமா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். தும்பிக்கை தூக்கின மாதிரி இருக்குமே, அது. 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்து மாறியது. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை விட்டன. ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகாரங்களும் சுழித்துக்கொண்டிருந்ததை விட்டுக் கால் வாங்கின. பெரியார் தன் பத்திரிகையில் 1935லேயே புது வடிவத்தைப் புழங்க ஆரம்பித்துவிட்டார், அரசுக்கு வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. முடிக்க நேரமாகிறது என்று புலம்புகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அப்பா தொழில் பழகியது பழைய எழுத்தில். 78க்குப் பிறகும் நகைக்கடை, அல்வாக்கடை என்றால் தும்பிக்கை "லை"தான் போடுவார். "அதுக்குத்தான் ஒரு கெத்து" என்பார். எழுத்துருவுக்குள் அதை மாற்று வடிவமாக வைத்துக்கொள்ளலாம், தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. 13 எழுத்து, இரண்டு வாரம். ஆசையாகத்தான் இருக்கிறது.

வேண்டாம். இது சட்டைக்கு விலை விசாரிக்கிற கதையாகப் போய்விடும்.

12 ஜூன் 2023

"லை" மட்டும் வரைந்துவிட்டேன். ஒன்றே ஒன்று. திட்டாதீர்கள்.

27 ஆகஸ்ட் 2023

இழையை ஆரம்பித்தவர் திரும்ப வந்திருக்கிறார். நல்லது. சீட்டு விளையாட்டை 52லிருந்து 24 ஆக்கி, வரைந்து, அக்கா பிள்ளைகளை வைத்து விளையாடவும் விட்டிருக்கிறாராம். பிள்ளைகள் விதியைத் தாங்களே மாற்றிக்கொண்டு ஆறு சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். ஆக 18. வாழ்த்துகள் தம்பி, அந்த ஆறையும் அழிக்காமல் வை.

ஆனால் நாவலைப் பற்றி அவர் எழுதியிருப்பது என்னை யோசிக்க வைத்தது. "நீங்கள் சொன்னபடி வெட்டிப் பார்த்தேன், நாவல் சிறுகதையாகிவிட்டது, அதில் நான் எழுத நினைத்தது எதுவும் இல்லை" என்கிறார். எனக்குப் பதில் கிடையாது. எழுத்துருவில் ஒரு வசதி உண்டு. இத்தனை எழுத்து என்று எண்ணிவிடலாம், இல்லாதது எது என்று தட்டிப் பார்த்தாலே தெரியும். நாவலில் எது ஙூ, எது ஜ என்று யார் சொல்வது? இந்தப் பக்கத்தில் எனக்கு முன்னே நாவல் எழுதினவர் யாராவது இருந்தால் வாருங்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

என் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்ல முடியும். போர்டு ஓவியர் புத்தகத்தை நான் செய்யப் போவதில்லை. இதைத் தீர்மானித்தது 2019ல். ஒரு நாள் நோட்டைத் திறந்து "புத்தகம்: செய்யவில்லை. ஆவணப்படம்: செய்யவில்லை. கண்காட்சி: செய்யவில்லை" என்று தேதி போட்டு எழுதினேன். சேர்த்து வைத்திருந்த 300 போட்டோவை இதே வேலையில் இருக்கும் ஒரு ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் மனசு கனமாக இருந்தது, மூன்றாம் நாள் "ழூ" வரைந்தேன்.

5 செப்டம்பர் 2023

ஆசிரியர் தினம். அதற்கேற்ற மாதிரி ஒரு சேதி.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுத்துருவை வாங்கியிருந்தார். உயிர்மெய் அட்டவணை அச்சடிக்க வேண்டுமாம். "சார், ங வரிசையில கட்டம் கட்டமா வருது" என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கடைக்காரன் ஙூ என்று பெயர் வைக்க மாட்டான், சரி. ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஙூ தொங்குகிறது!

மார்ச் 16ல் "ஙூவை வெட்டியது சரி" என்று அடித்துச் சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். இப்போது 73 வயது, கை நடுங்குகிறது, பிரஷ் பிடிப்பதில்லை. "டீச்சர் கேக்குறாங்கன்னா எழுதிக் கொடுத்துற வேண்டியதுதான்" என்று பென்சில் எடுத்தார். கோடு ஆடியது. ங, ஙி, ஙீ, ஙு, ஙூ. ஆட்டத்தை நேராக்கத்தான் உட்கார்ந்தேன். ஙூவில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அந்த அட்டவணையைப் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை.

21 ஜனவரி 2024

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

தங்கை வீட்டுக்காரர் பேருந்து நிலையம் பக்கம் டீக்கடை போட்டிருக்கிறார். போர்டு அப்பா எழுத்துருவில். ஃபிளெக்ஸ்தான், வேறென்ன, எட்டடிக்கு மூன்றடி ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுகிறான். எனக்கு அதை அப்பாவிடம் காட்டவே சங்கடமாக இருந்தது. அவரே "கடையைப் பாக்கணும்" என்று கிளம்பிவிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். எழுதி முடித்ததும் எப்போதும் அப்படித்தான், எதிர்ப்பக்கம் போய்த்தான் பார்ப்பார். மேல் வரியில் கடைப் பெயர், கீழே "டீ காபி பஜ்ஜி". ஐந்து நிமிடம் இருக்கும். மருமகன் டீயோடு வந்து நிற்கிறார், இவர் வாங்கவில்லை.

"டீ, காபி நான் எழுதினது. பஜ்ஜி யாரு எழுதினது?"

ஜ அவர் எழுதியது இல்லை. நண்பன் கேட்ட அன்று ராத்திரி நானாக வரைந்தது, அப்பாவிடம் காட்டவே இல்லை. சொன்னேன்.

"அதான பாத்தேன். ரெண்டு ஜவுக்கும் நடுவுல ஆட்டோ போகும் போல இருக்கு. ஜி கொண்டை வேற பெருசு."

டீயை வாங்கிக்கொண்டார்.

இரண்டையும் சரி செய்துவிட்டேன். ஜவுக்கும் ஜவுக்கும் இடையில் 40 அலகு குறைத்திருக்கிறேன், ஜியின் சுழியைச் சின்னதாக்கியிருக்கிறேன். ங வரிசை முழுவதும் இருக்கிறது, தும்பிக்கை "லை"யும் உள்ளே இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் புதிய கோப்பை இன்று இரவு அனுப்புகிறேன். பழையதை முதலில் நீக்கிவிட்டு இதைப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டும் மோதிக்கொள்ளும்.